கல்லின் தோளுக்குப் பிளாஸ்திரி இட்டவர்

ஜப்பான் தேசத்துத் துறைமுக நகரம் ஒன்றில், தொழில்முறை பேஸ்பால் அணியில் பந்தெறிந்து வந்தார் இசோமுரா. அந்த ஆட்டத்தில் முதலில் எறிபவர் களைத்தாலோ, அவர் பந்துகளை எதிரணி விளாசினாலோ, அவருக்குப் பதிலாக இன்னொருவர் பந்தெறியும் மண்மேட்டில் ஏறுவார். வெல்லக்கூடிய ஆட்டத்துக்கென்றே சில பதிலாட்கள் உண்டு. அவர்கள் பெயரைச் சொன்னாலே கூட்டம் எழுந்து நிற்கும். இசோமுரா அந்த வரிசையில் இல்லை. இனி மீளவே வழியில்லை என்றான ஆட்டத்துக்குத்தான் அவரை அனுப்புவார்கள். பந்தியில் எல்லோரும் கையலம்பிப் போனபின் எச்சில் இலை எடுக்க வருகிறவரைப் போல அவர் வருவார். நல்ல கைகள் வீணாகாமலிருக்கத் தம் கையைக் கொடுத்துவிட்டுப் போவார்.

மைதானத்து ஓரக் கொட்டகையின் சுவரில் ஒரு டெலிபோன் இருந்தது. அது அடித்தால் எழுந்து, பந்தெறிந்து தோளைச் சூடேற்ற வேண்டும். தோள் சூடானபின், "வேணாம், உட்காரு" என்பார்கள். மறுபடி அடிக்கும், மறுபடி எழுவார். அழைத்தால் மறுப்பதில்லை என்பது அவர் தமக்கென்று கொண்ட நோன்பு.

ஒவ்வொரு நாளும் ஆட்டத்துக்கு முன் அவருக்கு இன்னொரு பணியும் இருந்தது. மைதானத்தின் பின்சந்தில், தகரக் கூரையின் கீழே, ஜிஸோ சாமியின் கற்சிலை நின்றது. மொட்டைத் தலை, குழந்தை முகம், கழுத்தில் சிவப்புத் துணி. அடியவர் வலியைத் தாமே வாங்கிக்கொள்ளும் சாமி என்று ஊரார் நம்பினார்கள். மூட்டுவலிக்காரர் சாமியின் முழங்காலைத் தடவுவார். பல்வலிக்காரர் கன்னத்தைத் தடவுவார். வலியை அங்கே இறக்கிவிட்டு வீட்டுக்குப் போவார்.

பதிலாளின் பாடு பதிலாளுக்குத்தானே தெரியும்! 'எல்லாரும் இறக்கி வைத்துவிட்டுப் போகிறார்களே, இவருக்கு வலிக்காதா?' என்று இசோமுராவின் நெஞ்சு பதைத்தது. பையிலிருந்த வலிப் பிளாஸ்திரி ஒன்றை எடுத்து, பாசி படிந்த அந்தக் கல்லின் வலத்தோளில் ஒட்டினார். "ரொம்ப வலிக்குதா சாமி?" என்று கேட்டார். அன்றிலிருந்து நாள் தவறாமல் பழையதை உரித்துப் புதியதை ஒட்டி வந்தார். தமக்கென்று ஒன்றும் கேட்டதில்லை.

இது அணிக்குத் தெரிந்தபோது சிரிப்பு அடங்கவில்லை. அணியின் செல்லப்பிள்ளையான, பந்தெறியும் இளம் வீரர் ஹயாசே, "அண்ணே, சாமிக்கு ஒத்தடம் கொடுத்தாச்சா? தைலம் தேச்சு விட்டீங்களா?" என்பார். பயிற்சியாளர் குமாகை சிரிக்கமாட்டார். "கல்லுக்கு வைத்தியம் பாக்கத் தெரியுது, பந்து போடத்தான் தெரியல" என்று எல்லோர் முன்னும் சொல்வார். இசோமுரா தலை வணங்கி நிற்பார்.

ஆண்டுகள் போகப் போக அவர் தோள் நைந்தது. காலையில் சட்டைக்குள் கை நுழைக்கவே மனைவி சாயோ உதவ வேண்டியிருந்தது.

"ஏங்க, ஊரே அவர்கிட்ட கேக்குது. நீங்களும் ஒரே ஒரு தடவை கேட்டா என்னவாம்?"

"ஏற்கெனவே தாங்க முடியாம நிக்கறார் சாயோ. நான் வேற ஏத்தணுமா?"

"அப்ப என் புருஷன் தோளுக்கு யாருதான் இருக்காங்க?" என்றார் சாயோ. பொத்தானைப் போட்டுவிடும் மனைவியின் விரல்களை இசோமுரா பிடித்துக்கொண்டார்.

பருவத்தின் கடைசி ஆட்டம் வந்தது. காலையிலிருந்து தூறல். சாயோ பையில் பிளாஸ்திரிப் பெட்டியை வைத்தார். "ஒண்ணுதான் மிச்சம். இன்னிக்கு உங்க தோளுக்குத்தான். சாமி ஒரு நாள் பொறுத்துக்குவார்."

இசோமுரா மைதானத்துக்குள் நுழைந்ததும் குமாகை அழைத்தார். "அடுத்த வருஷம் உனக்கு இடம் இல்ல, இசோமுரா. மேலிடத்து முடிவு." இசோமுரா வணங்கினார். குமாகை அதோடு விடவில்லை. "ஹயாசேயோட கை எங்களுக்கு வேணும். உன் தோள் இனிமே யாருக்கும் வேணாம். அதனால இன்னிக்குக் கடைசி வரைக்கும் நீதான் போடணும். கிழிஞ்சாலும் மாத்தமாட்டேன்."

"சரிங்க" என்றார் இசோமுரா.

அவர் சந்துக்குப் போனார். மழையில் நனைந்து நின்ற சாமியைப் பார்த்தார். கையிலிருந்த ஒற்றைப் பிளாஸ்திரியைப் பார்த்தார். சாயோவின் முகம் நினைவுக்கு வந்தது, கை தயங்கியது. பிறகு கல்லைத் துடைத்து, அதன் தோளில் ஒட்டி, ஓரங்களை அழுத்திவிட்டார். "நாளையிலேருந்து யார் வருவாங்களோ தெரியல சாமி. உடம்பைப் பாத்துக்குங்க."

ஆட்டம் பாதியிலேயே கையை விட்டுப் போயிருந்தது. டெலிபோன் அடித்தது. அவர் மேடேறியதும், "குப்பை வண்டி வந்தாச்சு!" என்று கூட்டத்தில் ஒருவர் கத்த, அந்தப் பக்கமே சிரித்தது. சிறிது நேரத்தில் தோளுக்குள் ஈரத் துணி கிழிவதுபோல் ஒன்று கிழிந்தது. முகம் வெளுத்துக் குமாகையைப் பார்த்தார். குமாகை முகத்தைத் திருப்பிக்கொண்டார். இசோமுரா எறிந்தார். எதிரணி பந்தை விளாசியது. மறுபடி எறிந்தார். "செத்துப் போ!" என்றது கூட்டம். கண் இருண்டபோதும் அவர் வாய், "வலிக்குதா சாமி, வலிக்குதா?" என்றே முனகியது. பழக்கம் அப்படி.

திடீரென்று வலி நின்றது. கை மரத்துப் போய்விட்டது என்று நினைத்தார். கடைசிப் பந்துவரை எறிந்து முடித்து, மேட்டை வணங்கி இறங்கினார். ஒரு கைதட்டலும் இல்லை.

வாசலில் குடையோடு காத்திருந்த சாயோ, நனைந்த சட்டையைக் கழற்ற உதவினார். கணவரின் வலத்தோளில் பிளாஸ்திரியைக் கண்டதும் சாயோவின் முகம் மலர்ந்தது.

"பரவாயில்லையே! என் பேச்சைக் கேட்டு ஒட்டிக்கிட்டீங்களே!"

"இல்லையே... நான் ஒட்டிக்கலையே."

சாயோ மெல்ல உரித்தார். பிளாஸ்திரியின் அடியில் பச்சைப் பாசி ஒட்டியிருந்தது.

இருவரும் சந்துக்கு ஓடினார்கள். சாமியின் வலத்தோளில் பிளாஸ்திரி இல்லை. அது இருந்த இடம் மட்டும் பாசியின்றி வெளுத்திருந்தது. அந்த இடத்திலிருந்து முழங்கைவரை கல் பிளந்திருந்தது.

இசோமுரா மகிழவில்லை. சேற்றில் விழுந்து கதறினார். "நான் கேக்கவே இல்லையே சாமி! என்னுதையும் ஏன் எடுத்துக்கிட்டீங்க?"

அவர் கை அதன்பின் தோளுக்கு மேல் உயரவில்லை, வலித்ததும் இல்லை. மீன் சந்தையில் இடக்கையால் பெட்டி தூக்கிப் பிழைத்தார். அணி அவரை மறந்தது. ஆனால் அந்தச் சந்தில் இன்றும், தம் நோவைச் சொல்ல வருகிறவர்கள் முதலில் பிளந்த தோளைத் தொட்டு, "வலிக்குதா சாமி?" என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதைச் சொல்கிறார்கள்.

தெய்வத்துக்கும் நோகுமே என்று நொந்த அந்த எளிய நெஞ்சுக்கு நம் வணக்கம் உரியதாகுக.