இடிச்சாமிக்கு ஓர் இடிதாங்கி

ஸ்லாவிய மக்கள் வாழும் நாடு ஒன்றில், ஆற்றைப் பார்த்த மேட்டில், ஓர் ஓக் மரம் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல முடிகிறது. அந்த வயிற்றெரிச்சலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்த நாட்டின் பழைய சாமிகளில் பெரியவன் பெரூன். இடி, மின்னல், மழை மூன்றும் அவன் கையில். நம் இந்திரனுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். வானத்தில் இருந்தாலும், பூமிக்கு வந்தால் அவன் தங்குவது ஓக் மரத்தில்தான். வேறு மரங்களை ஏறெடுத்தும் பார்க்க மாட்டான்.

பனிக்காலம் முழுக்கத் தூங்குவான். பனி உருகி, வருஷத்தின் முதல் இடி இடிக்கும் அன்று நேரே அந்த மேட்டுக்கு வருவான். மின்னல் விரலால் மரத்தை ஒருமுறை தடவிக் கொடுப்பான். அப்படித் தடவிய தழும்பு உச்சியிலிருந்து வேர்வரை ஓடியது.

"கிழவா, இன்னும் சாகலையா நீ?" என்பான்.

"நீ இருக்கிறவரைக்கும் எனக்கென்ன சாவு?" என்று மரம் சிரிக்கும்.

இடி ஓய்ந்ததும் ஊர்க்காரர்கள் ஓடி வருவார்கள். முதல் இடி கேட்டதும் ஓக் மரத்தில் முதுகைச் சாய்த்துத் தேய்த்துக்கொண்டால் அந்த வருஷம் முதுகுவலி வராது என்பது அவர்கள் நம்பிக்கை. குனிந்து நிமிர்ந்து பிழைக்கிறவர்களுக்கு முதுகுதானே எல்லாம்? மரமும் பொறுமையாக நின்று ஒவ்வொரு முதுகையும் தாங்கும்.

ஆயிரம் வருஷங்களுக்கு முன் அந்நாட்டு அரசன் ஒருவன் புது மதத்துக்கு மாறினான். பெரூனின் மரச்சிலையைக் குதிரையில் கட்டி இழுத்து, தடியால் அடித்து, ஆற்றில் தள்ளச் சொன்னான். பெரூன் மேலிருந்து பார்த்தான். "கட்டைதானே போச்சு? என் வீடு அங்கேயேதான் நிக்குது" என்று விட்டுவிட்டான். பிறகு பாதிரிமார்கள் வந்தார்கள். இடி என்பது பெரூன் இல்லை, பைபிளில் வரும் எலியா தீர்க்கதரிசியின் தேர் ஓடுகிற சத்தம் என்றார்கள். ஊர்க்காரர்கள் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, வழக்கம்போல மரத்தில் முதுகு தேய்த்தார்கள். மேட்டிலிருந்த அந்த மரத்தை யாரும் தொடவில்லை. அரசன் தொடவில்லை, பாதிரிமார் தொடவில்லை. பக்தர்கள் வரும்வரை அது நன்றாகவே இருந்தது.

பக்தர்கள் நகரத்திலிருந்து கார்களில் வந்தார்கள். அவர்களுடைய தலைவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் விதாலி. ஜன்னல் சட்டம் விற்கிற கடை வைத்திருந்தார். முன்னோர்களின் மதத்துக்குத் திரும்பியதும் ஸ்வியாதஸார் என்று கம்பீரமாகப் பெயர் மாற்றிக்கொண்டார். பூவேலை செய்த சட்டை, கழுத்தில் பெரூனின் ஆயுதமான கோடாலி குட்டியாகத் தொங்கும் கயிறு, புதிதாக வளர்த்த தாடி. பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்தார்.

"ஆயிரம் வருஷமா நம்ம சாமியை அநாதையா விட்டுட்டோமே!" என்று மேட்டில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவருக்குச் சிலை வைக்கணும். அண்ணாந்து பார்க்கிற மாதிரி வைக்கணும். ஓக் மரத்துலதான் செய்யணும். சாஸ்திரம் அப்படி."

எந்தச் சாஸ்திரம் என்று யாரும் கேட்கவில்லை. அந்த மதத்துக்கு எழுதி வைத்த சாஸ்திரமே கிடையாது. எல்லோருடைய கண்ணும் மரத்தின் பக்கம் திரும்பியது.

கூட்டத்தில் லூபாவா என்று ஒருத்தி. அந்த ஊர்க்காரி, மாடு வைத்துப் பால் கறக்கிறவள். பழைய சாமி திரும்பி வருகிறது என்று கேட்டுச் சந்தோஷமாகச் சேர்ந்தவள்.

"தலைவரே, இந்த மரமே சாமி வீடுதானே? இதையே கும்பிட்டா ஆகாதா?" என்றாள்.

"மரத்துக்கு மூஞ்சி எங்கேம்மா இருக்கு? படம் எடுத்து இன்டர்நெட்ல போட்டா, பார்க்கிறவன் வெறும் மரம்னு தாண்டிப் போயிடுவான். மீசை வேணும், கையில கோடாலி வேணும், கண்ணை உருட்டிக்கிட்டு நிக்கணும்."

"சாமி கோவிச்சுக்குமே?"

"சாமிக்காகத்தானேம்மா வெட்டுறோம்!"

இந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் போதும், உலகத்தில் எதை வேண்டுமானாலும் வெட்டலாம் போலிருக்கிறது.

பனிக்காலத்தில், பெரூன் தூங்கும்போது, பெட்ரோல் ரம்பம் வந்தது.

"நான் யாருன்னு தெரியுமா உனக்கு?" என்று கேட்டது மரம்.

"தெரியாது. பெட்ரோல் ஊத்துறாங்க, ஓடுறேன்" என்றது ரம்பம். "ஆனா இன்னிக்கு மட்டும் மந்திரம் சொல்லி, என் மேல தேன் தெளிச்சாங்க. புண்ணிய காரியமாம்."

"யாருக்குப் புண்ணியம்?"

"அதை என்கிட்ட சொல்லலை."

"கொஞ்சம் பொறு. பனி உருகட்டும். அவன் எழுந்து வந்துடுவான். அவனை ஒரு வார்த்தை கேட்டுட்டு அப்புறம் வெட்டு."

"கேட்கக் கூடாதாம். அவருக்கு இது பரிசாம்."

ரம்பம் ஓடியது. மரம் விழுந்த சத்தம் அக்கரைவரை கேட்டது. லூபாவா காதைப் பொத்திக்கொண்டாள். மற்றவர்கள் கைதட்டினார்கள்.

சிற்பி வந்து செதுக்கினான். கிளைகளைக் கழித்தான், பட்டையை உரித்தான், வெள்ளி நிறத்தில் மீசை தீட்டினான். மின்னல் தடவிய தழும்பைப் பார்த்துவிட்டு ஸ்வியாதஸார் முகம் சுளித்தார். "இது அசிங்கமா இருக்கு, மறைச்சுடு" என்றார். சாமி கைபட்ட அடையாளம் அது ஒன்றுதான். அதன் மேல் பட்டி பார்த்து, வார்னிஷ் அடித்து மறைத்தார்கள்.

சிலையை மேட்டிலேயே நிறுத்திச் சுற்றிலும் வேலி போட்டார்கள். 'தொடாதீர்கள்' என்று பலகை மாட்டினார்கள்.

கடைசியில் ஸ்வியாதஸாருக்கு ஒரு கவலை வந்தது. "இவ்வளவு பாடுபட்டுச் செஞ்சிருக்கோம். மின்னல் கின்னல் விழுந்துட்டா?" என்றார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. சிலையின் தலையில் செம்புக் கம்பியோடு ஓர் இடிதாங்கியைப் பொருத்தினார்கள்.

மரத்தின் உயிர் இன்னும் கொஞ்சம் கட்டைக்குள் ஒட்டிக்கொண்டிருந்தது. அது கேட்டது: "யார் நீ, என் தலை மேல?"

"இடிதாங்கி. உன்னைக் காப்பாத்த வந்திருக்கேன்."

"யார்கிட்டேருந்து?"

"பெரூன்கிட்டேருந்து."

"நான்தானே பெரூனாம்?"

"அப்ப உன்கிட்டேருந்தே உன்னைக் காப்பாத்துறேன்னு வெச்சுக்கோ. எனக்கு வேலை கொடுத்திருக்காங்க, செய்யுறேன்."

சிலைக்குத் திருவிழா எடுத்த அன்று வருஷத்தின் முதல் இடி இடித்தது. பெரூன் தூக்கம் கலைந்து ஆசையோடு மேட்டுக்கு வந்தான். மரத்தைக் காணோம்.

"கிழவா! எங்கே போய்த் தொலைஞ்சே?"

"இங்கேதான் இருக்கேன்" என்று கட்டைக்குள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது.

"இந்த மீசைக்காரனுக்குள்ளேயா? யார் இவன்?"

"நீதானாம்."

பெரூன் மேகத்திலிருந்து இன்னும் தாழக் குனிந்து பார்த்தான்.

"ஒரு உதவி செய்" என்றது மரம். "இந்த வார்னிஷுக்குள்ள மூச்சு முட்டுது. வழக்கம்போல ஒரு தடவை தொடு. எரிஞ்சு சாம்பலாகி இதிலேருந்து போயிடுறேன். உன் கையாலே போனாப் போதும்."

பெரூன் விரலை நீட்டினான். மின்னல் இறங்கியது. இடிதாங்கி அதை அப்படியே பிடித்து, கம்பி வழியாக மண்ணுக்குள் இறக்கிவிட்டது. அவன் மறுபடியும் நீட்டினான். மறுபடியும் மண்ணுக்குள் போனது.

"மன்னிச்சுக்கோங்க சாமி" என்றது இடிதாங்கி. "உங்க பக்தர்கள்தான் வெச்சாங்க."

கீழே ஸ்வியாதஸார் மண்டியிட்டுக் கைகளை விரித்தார்.

"பெரூன் அப்பா! உனக்குச் சிலை வெச்சுட்டோம். அடுத்து உன் சொந்தக்காரங்களுக்கும் வைக்கப் போறோம். மாட்டைக் காக்கிற வேலஸுக்கு ஒண்ணு, நூல் நூற்கிற மோகோஷ் அம்மாவுக்கு ஒண்ணு, வெயில் சாமி தாஷ்போகுக்கு ஒண்ணு. ஆத்தங்கரைத் தோப்புல நல்ல நல்ல ஓக் மரமா நிக்குது. வெட்டலாமா? சம்மதம்னா ஒரு குரல் கொடு!"

"வேண்டாம்!" என்று கத்தினான் பெரூன்.

மேடு குலுங்கியது. கார்களின் கண்ணாடி அதிர்ந்தது. எதற்கும் யாரிடமும் கெஞ்சியறியாத சாமி, அன்று தொண்டை கிழியக் கெஞ்சியது. "வேண்டாம்! வேண்டாம்! அதையாவது விட்டுடுங்க!"

பக்தர்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

"கேட்டீங்களா? கேட்டீங்களா? எப்படிச் சம்மதம் சொல்றார் பாருங்க!" என்று ஸ்வியாதஸார் துள்ளினார்.

லூபாவா வேலிக்கு வெளியே, முதுகு சாய்க்க இடமில்லாமல் நின்றிருந்தாள். "கோபமா இருக்கிற மாதிரியில்ல கேட்குது, தலைவரே?" என்றாள்.

"பெரிய சாமிம்மா அவர். சந்தோஷம் வந்தாலும் குரல் அப்படித்தான் வரும்."

அதைக் கேட்ட பெரூன் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டான். இனி ஒரு சத்தம் போட்டாலும் ஒரு மரம் விழும் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. மேகத்துக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். வானம் அடங்கியது. காற்றுகூட அசையவில்லை.

ஸ்வியாதஸார் மேலே பார்த்துக் கும்பிட்டுவிட்டு எழுந்தார்.

"அமைதியாயிட்டார். வேற ஆட்சேபணை ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம். வாங்க, தோப்புக்குப் போகலாம்."