மஸ்கட்டுக்குப் போகாத குரல்

நல்லசிவம் அந்த ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தபோது அறுபது வயதைத் தாண்டியிருந்தார். அங்கே குருவாக இருந்த உமையம்மைக்கு அவருடைய மகள் வயதுதான். வந்த நாளிலிருந்தே அவர் குருவை 'அம்மா' என்றுதான் கூப்பிட்டார்.

ஒரு நாள் காலை, உமையம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது நல்லசிவம் சமையற்கட்டு வாசலில் வந்து நின்றார். அவருக்கு மூச்சு வாங்கியது.

"அம்மா, கொஞ்சம் வரணும். கம்ப்யூட்டர்ல மைக் வேலை செய்யலை."

"யார்கிட்ட பேசறீங்க?"

"என் தம்பிகிட்ட."

தம்பி ஒருவன் இருப்பதாக அவர் அதுவரை சொன்னதில்லை. உமையம்மை கீரையை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார்.

நடந்துகொண்டே நல்லசிவம் சொன்னார். தம்பி கோமதிநாயகம் மஸ்கட்டில் இருக்கிறான். இன்றைக்கு அவனுக்கு இதய ஆபரேஷன். அவன் மனைவி நேற்று ஆசிரமத்துக்குப் போன் செய்து, 'நீங்க ஒரு தடவை பேசினா அவர் தெம்பா உள்ளே போவார், அத்தான்' என்றாள். பெற்ற அம்மா இறந்த நாளிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சு இல்லை. ஆசிரமத்திலிருந்து வெளிநாட்டுக்குப் பேச அந்தப் பழைய கம்ப்யூட்டரை விட்டால் வேறு வழியும் இல்லை.

"அவன் பேசறது எனக்குக் கேக்குது. நான் பேசறது அவனுக்குப் போகலை. இன்னும் கொஞ்ச நேரத்துல உள்ளே கூட்டிட்டுப் போயிடுவாங்க."

ஆபீஸ் அறைக்குள் போனதும் நல்லசிவம் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டார். திரையில் கோமதிநாயகத்தின் பெயர் மட்டும் தெரிந்தது.

"அண்ணே, ஒண்ணும் கேக்கலை," என்றது காதில் அந்தக் குரல். "நான் இருக்கேன். மெதுவாப் பாருங்க."

'மெதுவாப் பாருங்க' என்றதும் நல்லசிவம் மைக்கை வாய்க்கு இன்னும் பக்கத்தில் இழுத்தார்.

உமையம்மை வயரில் இருந்த சுவிட்சைப் பார்த்தார். அது சரியாகத்தான் இருந்தது. திரையில் மைக் அமைப்பைத் திறந்து பார்த்தார்.

"பேசிக்கிட்டே இருங்க. சத்தம் உள்ளே வந்தா இந்தப் பச்சைக் கோடு ஏறும்."

"ஹலோ. ஹலோ. ஒண்ணு, ரெண்டு, மூணு."

கோடு அசையவில்லை.

உமையம்மை மேஜைக்கு அடியில் குனிந்து, கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்கம் கையை விட்டார். "மைக் பின்னைப் பிடுங்கி மாத்திப் பார்க்கறேன். நிறுத்தாதீங்க."

"என்ன பேசறது?"

"தம்பிகிட்ட சொல்ல வந்ததைச் சொல்லுங்க."

"அவனுக்குத்தான் கேக்கலையே, அம்மா."

"கேக்கலைதானே. சொல்லுங்க."

நல்லசிவம் கண்களை மூடிக்கொண்டார். உடம்பைப் பார்த்துக்கொள், பயப்படாதே என்றார். டாக்டர்கள் கெட்டிக்காரர்கள் என்றார். பிறகு அவர் குரல் மாறியது.

"நாயகம், அம்மா கடைசி வரைக்கும் உன் பேரைத்தான் சொல்லிக்கிட்டிருந்தா. கழுவித் துடைச்சது நான். சோறு ஊட்டினது நான். என்னைப் பார்த்து, 'நாயகம் வந்துட்டானா'ன்னு கேட்டா."

மேஜைக்கு அடியிலிருந்து உமையம்மை எழுந்தார். திரையைப் பார்த்தார். கையில் ஒட்டியிருந்த தூசியைச் சத்தமில்லாமல் சேலையில் துடைத்துக்கொண்டார்.

"அவ போனதும் உனக்குப் போன் பண்ணினேன், லைன் கிடைக்கலைன்னு சொன்னேன் இல்லையா? நான் பண்ணவே இல்லை. போன் என் கையிலதான் இருந்தது. அவளுக்குக் கொள்ளி வச்சுட்டு வந்த பிறகுதான் உனக்குச் சொன்னேன். நீ வந்துட்டா, சுடுகாட்டுலயும் நான் உனக்குப் பின்னாலதான் நிக்கணும்னு நினைச்சேன்."

அவர் கண்ணைத் திறந்தார். உமையம்மை பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"கோளாறு எங்கேன்னு தெரிஞ்சுதா, அம்மா?"

அவர் இதைக் கேட்கும்போதே திரையில் பச்சைக் கோடு ஏறி இறங்கியது. நல்லசிவம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார்.

"எப்போ சரியாச்சு?"

"பின்னு வேற ஓட்டையில இருந்தது. மாத்திட்டு நான் எழுந்தப்போ அம்மாவைப் பத்திச் சொல்லிக்கிட்டிருந்தீங்க."

"போன் பண்ணவே இல்லைன்னு சொன்னதும் போயிருக்குமா?"

"போயிருக்கும்."

நல்லசிவம் ஹெட்செட்டைக் காதோடு அழுத்திப் பிடித்தார். அந்தப் பக்கம் எங்கோ ஒரு மெஷின் விட்டுவிட்டுக் கூவுவது கேட்டது. வேறு சத்தமே இல்லை.

"ஒரு வார்த்தை கூடச் சொல்ல மாட்டேங்கறானே, அம்மா."

உமையம்மை திரையில் இருந்த கோமதிநாயகத்தின் பெயரைக் காட்டினார்.

"கட் பண்ணிட்டுப் போகவும் இல்லையே."