மாசானம் ஸ்டூடியோவின் புதுச் சாமான்கள்

அரைக்குளம் என்று ஒரு ஊர் இருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் ஒரு காலத்தில் குளம் வெட்டினார்கள். வெட்டிய மண்ணை எங்கே கொட்டுவது என்று கூடிப் பேசி, பக்கத்திலேயே பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறதே என்று அதில் கொட்டினார்கள். அந்தப் பள்ளம் அவர்கள் வெட்டியதுதான். பாதி வேலையில் யாரோ ஒருத்தர் சந்தேகப்பட்டதால் அரைக்குளமாவது மிஞ்சியது. சந்தேகப்பட்டவர் வெளியூரிலிருந்து பெண் எடுக்க வந்தவர் என்று சொல்வார்கள்.

அந்த ஊரில் படம் எடுப்பது மாசானம் ஸ்டூடியோ. முதலாளி மாசானம். கூட இருப்பவர்கள் பலவேசமும் சொரிமுத்துவும். மூன்று பேருமே சொன்ன சொல் தவறாதவர்கள். ஊரில் அவர்களைப் பற்றி இருக்கிற ஒரே புகார் அதுதான்.

ரைஸ்மில் சுடலைக்கண்ணுவின் மகள் பூரணவல்லிக்குக் கல்யாணம் நிச்சயமானது. சுடலைக்கண்ணுவுக்குப் பெண் கொடுத்த வீட்டில், அதாவது அவர் மச்சான் வீட்டில், போன வருஷம் ஒரு கல்யாணம் நடந்தது. பறக்கிற கேமராவெல்லாம் வைத்து எடுத்திருந்தார்கள். சுடலைக்கண்ணுவின் மனைவி பேச்சித்தாய் வீட்டுக்கு யார் வந்தாலும் காப்பி கொடுக்கிறாளோ இல்லையோ, தன் அண்ணன் வீட்டு வீடியோவைப் போட்டுவிடுவாள். ஒரு வருஷமாக இதைப் பார்த்துப் பார்த்து சுடலைக்கண்ணுவுக்குச் சோறு இறங்கவில்லை.

அவர் மாசானத்தைக் கூப்பிட்டு, இந்த வருஷம் புதுசாக வந்த சாமான் அத்தனையும் வாங்கிவிடு, செலவை நான் பார்த்துக்கொள்கிறேன், ஆனால் என் மச்சான் வீட்டுக் கல்யாணத்தில் இருந்தது எதுவும் இங்கே இருக்கக்கூடாது என்றார். மாசானம் பயபக்தியோடு தலையாட்டினார். சொரிமுத்து மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு, அங்கே மாப்பிள்ளை ஒருத்தர் இருந்தாரே மொதலாளி, அவரையும் விட்டுவிடலாமா என்று கேட்டான். சுடலைக்கண்ணு அதைக் கிண்டல் என்று நினைத்துச் சிரித்தார். அந்த இடத்திலேயே அவர் சுதாரித்திருக்க வேண்டும்.

மூவரும் டவுனுக்குப் போனார்கள். கடைக்காரர் நல்ல மனுஷர். ஒவ்வொரு சாமானாக எடுத்து வைத்துப் பொறுமையாக விளக்கினார். இந்தக் கேமராப் பைக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போகாது. இந்த லென்ஸைக் கையால் தொடாதீர்கள். இதில் எடுத்தால் முன்னால் நிற்கிறவர்கள் பளிச்சென்று தெரிவார்கள், பின்னால் நிற்கிறவர்கள் கலங்கலாகத் தெரிவார்கள். இந்தக் கைப்பிடிக்குப் பெயர் கிம்பல், கேமராவை இதில் மாட்டி ஓடிக்கொண்டே எடுத்தாலும் படம் ஆடாது. இது இந்த வருஷம்தான் வந்த ட்ரோன், பறக்கிற கேமரா, சமதளமான இடத்தில் வைத்துப் பறக்கவிடுங்கள், பேட்டரி குறைந்தால் தானே வீட்டுக்கு வந்துவிடும். எல்லாம் சொல்லிவிட்டு, சந்தேகம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். மூவரும் ஒரே குரலில் இல்லை என்றார்கள்.

ஊருக்கு வந்ததும் முதலில் பையைச் சோதித்தார்கள். உள்ளே போகாத தண்ணீரைக் கஷ்டப்பட்டு நான்கு குடம் உள்ளே ஊற்றினார்கள். ஒரு சொட்டு வெளியே வரவில்லை. அருமையான பை என்று மெச்சி, கல்யாண வீட்டில் தாகம் எடுத்தால் உதவும் என்று அதைத் தண்ணீரோடு அப்படியே வைத்துக்கொண்டார்கள். கேமராவைப் பழைய மஞ்சள் பையில் போட்டார்கள். லென்ஸைக் கையால் தொடக்கூடாது என்பதால், அதைக் காலால் மாட்டப் பழகினான் சொரிமுத்து. இரண்டு நாளில் நன்றாகவே வந்துவிட்டது.

ட்ரோன் விஷயத்தில்தான் பெரிய வாக்குவாதம் வந்தது.

“வீட்டுக்கு வந்துரும்னாரே, யார் வீட்டுக்கு வரும் அண்ணாச்சி?” என்றான் சொரிமுத்து.

“ஸ்டூடியோ என்னுது. என் வீட்டுக்குத்தான் வரும்,” என்றார் மாசானம்.

“பஸ்ஸுல மடியில வச்சிட்டு வந்தது நானு,” என்றான் பலவேசம். “அது என் வீட்டுக்குத்தான் வரப் பிரியப்படும்.”

“வே, நம்ம யார் வீட்டையும் அது இன்னும் பார்க்கவே இல்லையே. பார்க்காத வீட்டுக்கு எப்படி வரும்?” என்றான் சொரிமுத்து.

மற்ற இருவரும் அதை ஒத்துக்கொண்டார்கள். உடனே ட்ரோனை ஒரு தாம்பாளத்தில் வைத்துத் தெருத்தெருவாகக் கொண்டுபோனார்கள். இது பஞ்சாயத்து பம்ப், இங்கே இடது கைப் பக்கம் திரும்பணும், இந்த வீட்டு நாய் மட்டும் கடிக்கும் என்று காட்டிக்கொடுத்தார்கள். கடைசியில் மாசானம் வீட்டு வாசலைக் காட்டி முடித்தார்கள். கல்யாணத்தன்று கதவைத் திறந்து வை, வந்ததும் முதலில் தண்ணீர் கொடு என்று மாசானம் தன் மனைவி வடிவிடம் சொன்னார். வடிவு சரி என்றாள். கல்யாணமான புதிதில் அவள் ஏன் என்று கேட்டுப் பார்த்திருக்கிறாள். பதில் கிடைத்ததிலிருந்து கேட்பதை விட்டுவிட்டாள்.

கல்யாணத்தன்று காலையில் ட்ரோனை வைக்கச் சமதளமான இடம் தேடினார்கள். மண்டபத்துக்குப் பின்னால், கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த அண்டா ஒன்று கண்ணில் பட்டது. அதன் அடிப்பாகம் போல மட்டமான இடம் அந்த வட்டாரத்திலேயே கிடையாது. அதன்மேல் வைத்து விட்டார்கள். ட்ரோன் நேராக மேலே போய், தென்னை உயரத்தில் நின்றது. அப்படியே நின்றுகொண்டிருந்தது. சரி, அதற்கு வேண்டியதை அது பார்த்துக்கொள்ளும் என்று மூவரும் உள்ளே போய்விட்டார்கள்.

உள்ளே பூரணவல்லி அலங்காரம் முடிந்து உட்கார்ந்திருந்தாள். சென்னையில் வேலை பார்க்கிற பெண். விறைப்பாக நிற்க வைத்து எடுக்கிற படம் அவளுக்குப் பிடிக்காது. அவள் பலவேசத்திடம், “அண்ணே, நாங்க பார்க்காதப்ப எடுக்கணும். அப்பத்தான் இயல்பா இருக்கும்,” என்று கேட்டுக்கொண்டாள்.

பலவேசம் வந்து மற்ற இருவரிடமும் சொன்னான். பார்க்காதபோது என்றால் எப்போது என்று ஆராய்ந்தார்கள். கண்ணைத் திறந்திருக்கிற மனுஷன் எதையாவது பார்த்துக்கொண்டுதானே இருப்பான் என்றார் மாசானம். ஆகவே கண்ணை மூடுகிற நேரம்தான் பார்க்காத நேரம் என்று முடிவாயிற்று. கண் இமைக்கிற அந்த ஒரு நொடிக்காகக் காத்திருந்து எடுப்பது லேசான வேலையா என்ன? ஆனால் பலவேசம் அன்றைக்கு வாத்தியம் வாசிக்கிறவனைப் போல அதில் தாளம் பிடித்துவிட்டான். மணமகள், மாப்பிள்ளை கோமதிநாயகம், ஐயர், நாதஸ்வரக்காரர், முன்வரிசைக் குழந்தைகள், எல்லோரும் இமைத்தார்கள்; அவன் எடுத்தான். இதையெல்லாம் அவன் ஓடிக்கொண்டே செய்தான். ஓடிக்கொண்டே எடுக்கச் சொன்னது கடைக்காரர். மணமேடையில் ஓட இடமில்லாதபோது நின்ற இடத்திலேயே ஓடினான்.

முகூர்த்தம் நெருங்கியது. மாசானத்துக்கு அப்போதுதான் ஒன்று ஞாபகம் வந்தது. பின்னால் நிற்கிறவர்கள் கலங்கலாகத் தெரிய வேண்டும் அல்லவா? மேடையில் மணமக்களுக்குப் பின்னால் மாப்பிள்ளை வீட்டுச் சொந்தக்காரர்கள் கல்லுப் போல நின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தர் முகத்திலும் கலங்கலே இல்லை.

“கொஞ்சம் ஆடுங்க,” என்று கேட்டுக்கொண்டார் மாசானம். “புது லென்ஸ். நீங்க ஆடினாத்தான் கலங்கும்.”

புதுச் சாமான் என்றதும் யாரும் மறுக்கவில்லை. பெரியவர்கள் இடுப்பிலிருந்தும் பெண்கள் தோளிலிருந்தும் ஆடினார்கள். பக்கத்தில் மேளம் வேறு கெட்டி மேளத்துக்குத் தயாராக உருட்டிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அத்தை இசக்கியம்மாள், வருஷா வருஷம் கோயில் கொடைக்குச் சாமி ஆடுகிறவள். மேளச் சத்தமும் ஆட்டமும் சேர்ந்தால் வருவது வராமல் இருக்குமா? கொண்டை அவிழ, கண் பிதுங்க, நிஜமாகவே சாமி வந்து இறங்கிவிட்டது.

ஐயர் தாலியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சுடலைக்கண்ணு ஓடிவந்து, என்ன குறை தாயே என்று கை கூப்பினார். ஆத்தாள் மண்டபத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, “எல்லாரையும் எடுக்கான். என்னைத் தனியா ஒரு படம் எடுத்தானா?” என்று கேட்டாள்.

நியாயமான குறைதான். எடுலே சீக்கிரம் என்று சுடலைக்கண்ணு அதட்ட, பலவேசம் ஆத்தாள் முன்னால் வந்து நின்ற இடத்திலேயே ஓடியபடி கேமராவைத் தூக்கினான். தூக்கியவன் தூக்கியபடியே இருந்தான். நேரம் போய்க்கொண்டிருந்தது.

“ஏம்ல எடுக்க மாட்டேங்க?” என்றார் சுடலைக்கண்ணு.

“ஆத்தா இமைக்க மாட்டேங்கா மொதலாளி.”

சாமிக்கு ஏது இமைப்பு? தேவர்கள் இமைக்க மாட்டார்கள் என்று ஐயரே சொன்னார். சொல்லிவிட்டு, நல்ல நேரம் இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது என்பதையும் சொன்னார். மாப்பிள்ளையின் அப்பா முகம் கறுத்தது. பூரணவல்லிக்கு அழுகை வந்துவிட்டது. எங்கள் பக்கத்து சாமியை அவமதிக்கிறார்களா என்று மாப்பிள்ளை வீட்டு இளவட்டங்கள் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். மாசானமும் சொரிமுத்துவும் ஒரு ஓரமாக நின்று, சாமி இமைக்காவிட்டாலும் தூங்குமா, தூங்கும் என்றால் எப்போது தூங்கும் என்று தணிந்த குரலில் விவாதித்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் பேச்சித்தாய்தான் ஒரு கை திருநீற்றை அள்ளி இசக்கியம்மாள் நெற்றியில் அடித்தாள். பாதி கண்ணில் விழுந்தது. ஆத்தாள் கண்ணை இறுக மூடினாள், பலவேசம் எடுத்தான், கெட்டி மேளம் முழங்கியது, தாலி ஏறியது. பெண்ணைப் பெற்றவருக்கு உயிர் திரும்பி வந்தது.

அதே நேரம் மண்டபத்துக்குப் பின்னால் ட்ரோனுக்கு பேட்டரி குறைந்தது. அது சொல் தவறாமல், கிளம்பின இடத்துக்கே திரும்பி வந்து இறங்கியது. காலையில் கவிழ்ந்திருந்த அண்டாவைச் சமையல்காரர் அதற்குள் அதே இடத்தில் நிமிர்த்திப் பாயசம் காய்ச்சியிருந்தார். பந்தியில் அன்று பாயசம் பரிமாறவில்லை. ட்ரோனைக் கரண்டியால் எடுத்து வெளியே வைத்தபோது சொரிமுத்து மனம் வருந்தினான். இத்தனை வீட்டைக் காட்டியும் அதற்கு அண்டாதான் பிடித்திருக்கிறது என்றான். மாசானம் வீட்டில் வடிவு சாயங்காலம் வரை கதவைத் திறந்து வைத்திருந்தாள்.

படங்கள் வந்தன. சுடலைக்கண்ணு ஆல்பத்தைப் புரட்டினார். மணமகள் கண்ணை மூடியிருந்தாள். மாப்பிள்ளையும் மூடியிருந்தார். ஐயர் மூடியிருந்தார். அட்சதை போட்ட முந்நூறு பேரும் மூடியிருந்தார்கள். பின்னால் நின்றவர்கள் மூடிய கண்ணோடு ஆடிக்கொண்டிருந்தார்கள். ஊரே ஒன்றாகத் தூங்குகிறபோது யாரோ வந்து ரகசியமாகக் கல்யாணத்தை நடத்திவிட்டுப் போன மாதிரி இருந்தது. மச்சான் வீட்டுக்கு இதைக் காட்ட முடியுமா? சுடலைக்கண்ணு மாசானத்தைக் கூப்பிட்டார். கத்தக்கூட அவருக்குத் தெம்பு இல்லை.

“நீ என்ன செய்வியோ எனக்குத் தெரியாது மாசானம். மறுவீட்டுக்கு என் மச்சான் வருதான். அதுக்குள்ள இதுல இருக்க அத்தனை பேருக்கும் கண்ணு திறந்திருக்கணும்.”

மாசானம் சரி என்றார். வெளியே வந்து மூவரும் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து யோசித்தார்கள். கண் திறக்கிறது நம்ம வேலை இல்லையே என்றான் பலவேசம். பிறகு யார் வேலை என்று கேட்டார் மாசானம். கேட்ட உடனேயே மூவருக்கும் பதில் தெரிந்துவிட்டது.

பக்கத்து ஊரில் ஐயனாருக்கும் மாடனுக்கும் மண்ணில் சிலை செய்கிற செம்பாண்டி இருக்கிறார். சுற்றுவட்டாரத்தில் எந்தச் சாமிக்குக் கண் திறப்பதென்றாலும் அவர்தான். ஆல்பத்தை அவரிடம் கொண்டுபோனார்கள். இத்தனை சாமியா என்று மலைத்தாலும், வந்த வேலையை அவர் தட்டுவதில்லை. குளித்து, விரதம் இருந்து, தூரிகையைத் தொட்டுக் கும்பிட்டு ஆரம்பித்தார். ஆனால் அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு கண்தான். எலுமிச்சம்பழம் அளவுக்கு வெள்ளை, நடுவில் கறுப்பு, ஓரத்தில் சிவப்பு ரேகை. மணமகளுக்கும் அதே கண், மாப்பிள்ளைக்கும் அதே கண், மடியில் இருந்த கைக்குழந்தைக்கும் அதே கண். முகம் எடுப்பாக இல்லை என்று தோன்றிய இடங்களில் ஒரு முறுக்கு மீசையையும் தானாகச் சேர்த்துக்கொடுத்தார்.

மறுவீட்டுக்கு மச்சான் குடும்பத்தோடு வந்து வாசல் திண்ணையில் உட்கார்ந்தார். ஆல்பத்தை மேளத்தோடு கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார்கள். முதல் பக்கத்தைத் திறந்தவர் தன்னை அறியாமல் செருப்பைக் கழற்றினார். இரண்டாவது பக்கத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பேச்சித்தாய் எட்டிப் பார்த்து, மீசை வைத்த இசக்கியம்மாளை விரலால் தொட்டு, “இவுக மட்டும் அச்சு அசல் அப்படியே இருக்காக,” என்றாள். தன் வீட்டுக் கல்யாணப் படத்தில் இந்த மாதிரி பயம் வரவில்லையே என்று மச்சானுக்குப் பொறாமை வந்துவிட்டது. அதைப் பார்த்த சுடலைக்கண்ணுவுக்கு ஒரு வருஷத்துக்கு அப்புறம் பசி எடுத்தது.

மாசானம் மட்டும் நகராமல் நின்றார். என்ன என்று கேட்டபோது விஷயத்தைச் சொன்னார். கண் திறந்தால் உடனே கிடா வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் திறந்தவை அடங்காது என்று செம்பாண்டி கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். கிடா வெளியே கட்டியிருக்கிறது.

சுடலைக்கண்ணு, சுப காரியம் நடக்கிற வீட்டில் ரத்தம் விழக்கூடாது என்று ஒரேயடியாக மறுத்தார். மூவரும் வாசலில் கூடி வெகுநேரம் பேசினார்கள். சொரிமுத்துதான் வழி கண்டுபிடித்தான்.

“ஆல்பத்துல இருக்கது ஆளு இல்ல, படம். படத்துல இருக்க சாமிக்குப் படத்துல இருக்க கிடா போதும் அண்ணாச்சி.”

உடனே கிடாவை வெயிலில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். இப்படித்தான் எடுக்கணும் என்று ஆடு யாரிடமும் கேட்டுக்கொள்ளவில்லை; அது நேராகக் கேமராவைப் பார்த்தது. படம் அவ்வளவு தெளிவாக வந்தது. இரண்டு கண்ணும் அழகாகத் திறந்திருந்தன; பின்னால் வேலி கலங்கலாகத் தெரிந்தது; ஒவ்வொரு தாடி மயிரும் தனித்தனியாகப் பளபளத்தது. அத்தனை புதுச் சாமானையும் வாங்கி மாசானம் ஸ்டூடியோ எடுத்ததிலேயே ஒழுங்காக வந்த ஒரே படம் அதுதான்.

அதை வாழை இலையில் படுக்கவைத்து, மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். படம் தலையாட்டிச் சம்மதம் கொடுக்க வேண்டுமே என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். காற்று அடித்து அது அசைந்ததும், பலவேசம் அரிவாளை ஓங்கி ஒரே போடாகப் போட்டான். தலைத் துண்டு முறைப்படி செம்பாண்டிக்குப் போனது. மீதியை மூன்றாகக் கிழித்து ஆளுக்கொரு பங்கு வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். குழம்பு வைக்கும்படி மாசானம் வடிவிடம் கொடுத்தார். உப்புப் பார்க்க, உயிரோடு கூடவே வந்திருந்த அந்தக் கிடா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது.