பாறையில் சறுக்கிய மான்

குழந்தைகளே, மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில் பெரிய புல்வெளி ஒன்று இருந்தது. மான், முயல், பன்றி எல்லாம் அங்கேதான் மேயும். புலி நெருங்காதபடி சுற்றிலும் காவல் நிற்பது காட்டெருமைகளின் வேலை.

அந்தக் காவலுக்குப் புதிதாகத் தலைவி ஆனாள் மையாள். முதல் நாளே காவலர்களை அழைத்து, "இனி மேய வருகிறவர்களை யாரும் முட்டக் கூடாது, மிரட்டக் கூடாது" என்று உத்தரவு போட்டாள். எல்லாரும் தலையாட்டினார்கள். அவளுடைய அண்ணன் வல்லானும் தலையாட்டினான்.

அன்று மத்தியானமே அவன் ஒரு பன்றிக்குட்டியைக் காலால் எற்றித் தள்ளினான். மையாள் பார்த்தாள். 'அண்ணனாயிற்றே, பிறகு தனியாகச் சொல்லிக்கொள்ளலாம்' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகும் சொல்லவில்லை.

பத்தாம் நாள் நண்பகலில் அந்த விபரீதம் நடந்தது. உயர்ந்த புல்லுக்குள்ளிருந்து புலி பாய்ந்தது. காவலில் நின்ற செங்காலன் கழுத்து முறிந்து விழுந்தான். மற்றவர்கள் ஓடி வருவதற்குள் அவன் உயிர் போய்விட்டது. புலியும் மறைந்துவிட்டது.

பக்கத்து நாவல் மரத்தில் ஒரு மந்தி உட்கார்ந்திருந்தது. புலி பதுங்கிப் பதுங்கி வந்ததை அது முதலிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தது. புலியைக் கண்டால் மந்திகள் காடே அதிரக் கத்தும். அன்று அது வாயே திறக்கவில்லை.

"இது புலிக்கு உடந்தை!" என்று சீறினான் வல்லான். "மரத்தை முட்டிச் சாய்ப்போம். கீழே விழட்டும், மிதித்துக் கூழாக்கிவிடுவோம்!"

பத்துப் பன்னிரண்டு காவலர்கள் மரத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். முதல் முட்டிலேயே மரம் கிடுகிடுத்தது. மந்தி கிளையை இறுகக் கட்டிக்கொண்டது. மான்கள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன.

"நிறுத்துங்கள்!" மையாள் மரத்துக்கும் அண்ணனுக்கும் நடுவே புகுந்தாள். மேலே நிமிர்ந்து, "புலியைப் பார்த்தும் ஏன் கத்தவில்லை?" என்று கேட்டாள்.

"கத்தினால் நீங்கள் வந்துவிடுவீர்களே" என்றது மந்தி.

"புரியும்படி சொல்."

"போன மழைக்காலத்தில் நீங்கள் மேயக் கேட்ட நல்ல புல்லை விட்டு ஒரு மான் நகரவில்லை. அதற்காக உங்களில் ஒருவன் அதன் விலாவைக் குத்திக் கிழித்தான். யார் குத்தியது என்று கேட்டோம். பாறையில் சறுக்கி விழுந்தது என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னீர்கள். பாறைக்குக் கொம்பு உண்டா? புலிக்குப் பயந்தால் மரத்தில் ஏறிக்கொள்ளலாம். உங்களுக்குப் பயந்தால் எங்கே ஏறுவது?"

அன்று அப்படிச் சொன்னவர்களில் மையாளும் ஒருத்தி.

வல்லான் அவள் காதருகே வந்தான். "பேசாதே மையா. நம்மவனைப் பறிகொடுத்து நிற்கிறோம். இந்த நேரத்தில் நம் கூட்டத்தை நீயே காட்டிக்கொடுக்கப் போகிறாயா?"

"நம்மவனைப் பறிகொடுத்ததே இதனால்தான் அண்ணா."

கூட்டத்தில் உறுமல் எழுந்தது. சிலர் கொம்பைத் தாழ்த்தினார்கள், அவளை நோக்கி. ஆனாலும் மையாள் விலாவில் தழும்பு இருந்த அந்த மானின் முன்னால் போய் நின்றாள்.

"நீ சறுக்கி விழவில்லை. வல்லான் குத்தினான். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பார்த்துவிட்டுப் பொய் சொன்னேன். தலைவியான பிறகும் கண்ணை மூடிக்கொண்டேன். அவன் இனிமேல் காவலில் நிற்க மாட்டான். எனக்கு என்ன தண்டனை என்று நீயே சொல்."

வல்லான் மண்ணைக் கால்களால் பறித்தான்.

அப்போது முதிய காவலன் கூழையன் தலை குனிந்தபடி மையாளுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். "நானும் பார்த்தேன்" என்றான். "நானும்" என்றது இன்னொரு குரல். பிறகு இன்னொன்று. தாழ்ந்த கொம்புகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. வல்லான் சுற்றுமுற்றும் பார்த்தான். அவன் பக்கம் நின்றவர்கள் மூன்று பேர்தான். அவர்களைக் கூட்டிக்கொண்டு அவன் மூங்கில் காட்டுக்குள் போய்விட்டான். மையாள் திரும்பிப் பார்க்காமல் நின்றாள். கண்ணில் நீர் வழிந்தது.

மான் மெல்லச் சொன்னது: "உன்னைத் தண்டித்து எனக்கு என்ன கிடைக்கும்? நாளையிலிருந்து உங்கள் காவலில் எங்களில் ஒருவரும் கூட நிற்கட்டும். நீங்கள் செய்வதை எங்கள் கண்ணும் பார்க்கட்டும்."

"அப்படியே" என்றாள் மையாள்.

அதற்காக எல்லாரும் உடனே நம்பிவிடவில்லை. பல நாட்கள் காவலர்கள் வந்தால் மான்கள் ஒதுங்கியே போயின. மானை முறைத்த ஒரு காவலனை மையாள் அங்கேயே, எல்லார் முன்னாலும் வேலையிலிருந்து விலக்கினாள். காவலர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். 'புலி வந்தால் தாங்குவோமா?' என்று அவளுக்கே பயம்.

ஒரு காலையில் முயல் ஒன்று மூச்சிரைக்க ஓடி வந்து, நேராகக் கூழையனின் கால்களுக்கு நடுவே ஒண்டிக்கொண்டது.

"அண்ணே, ஓடைக்கரை நாணலில் புலி படுத்திருக்கிறது!"

'உனக்கு அங்கே என்ன வேலை?' என்று யாரும் கேட்கவில்லை. மையாள் முன்னால் பாய்ந்தாள். மிச்சமிருந்த காவலர்கள் வரிசையாகக் கொம்பு தாழ்த்தி நாணலுக்குள் இறங்கினார்கள். புலி ஒரு நொடி தயங்கியது. பிறகு ஓடையைத் தாண்டி ஓடிவிட்டது.

அன்று அந்தப் புல்வெளியில் ஓர் உயிரும் போகவில்லை.

நீதி: தலைவர் தம் தவற்றை முதலில் ஒப்புக்கொண்டால்தான் கூட்டம் திருந்தும், கூட்டம் திருந்தினால்தான் காவலை ஊர் நம்பும்.