நாலாவது தாள்

அரசி டீச்சரிடம் சொற்பாடம் கேட்க வருகிறவர்களில் மூத்தவர் சூசைராஜ். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டீச்சருக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் பாடம் என்று வந்துவிட்டால் முதல் ஆளாகக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவார்.

அன்றைய சொல் 'தாள்'.

"புல்லோட தண்டு தாள். நம்ம பாதமும் தாள். படிக்கிற பேப்பரும் தாள்," என்றார் டீச்சர்.

"புல்லும் பேப்பரும் எப்படி டீச்சர் ஒரே சொல்லுக்குள்ள வந்துச்சு?"

"பாதம் நம்மளைத் தாங்குது. தண்டு புல்லைத் தாங்குது. வைக்கோலை ஊறப்போட்டு அரைச்சா பேப்பர். அதனாலதான் பேர் வந்துச்சுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். நாலாவதா ஒரு அர்த்தம் இருக்கு. நாளைக்குக் கண்டுபிடிச்சுட்டு வாங்க."

அந்த நாலாவது சூசைராஜின் மண்டையைக் குடைந்தது. தூக்கத்தில்கூடப் புரண்டு புரண்டு யோசித்தார்.

காலையில் டீக்கடை வாசலில் மஞ்சள் பத்திரிகையின் போஸ்டர் தொங்கியது. 'டீச்சர் வீட்டில் கண்டக்டர்! அந்தி நேரத்தில் என்ன பாடம்?'

சூசைராஜுக்கு உடம்பெல்லாம் கூசியது. தன் பேர் போனால் போகட்டும். தனியாக வாழும் அந்தப் பெண் இனி எப்படித் தெருவில் தலைநிமிர்ந்து நடப்பார்? இனி அந்தப் பக்கமே தலை வைத்துப் படுப்பதில்லை என்று முடிவு செய்து வீட்டுக்குள் அடைந்துகொண்டார். அன்று பாடத்துக்குப் போகவில்லை.

மறுநாள் பட்டப்பகலில் வாசலில் டீச்சரின் குரல் கேட்டது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். தெருவே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏன் வரலை, அண்ணே?"

கதவுக்குப் பின்னால் வந்து நின்றார். "போஸ்டரைப் பார்க்கலையா டீச்சர்?"

"பார்த்தேன். இப்ப வரும்போது மாடு அதை இழுத்துத் தின்னுக்கிட்டு இருந்துச்சு. அதுக்குத் தாள்னா ஒரே அர்த்தம்தான்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது.

"நான் பாடத்துக்கு வராம நின்னுட்டா உங்க பேராவது பிழைச்சுக்கும், டீச்சர். போயிடுங்க."

"நீங்க நின்னுட்டா, எழுதினவன் சொன்னது நிஜம்னு ஊர் முடிவு பண்ணிடும். பாதி வழியில விசிலடிச்சு இறங்குற ஆளா நீங்க?"

சூசைராஜ் கதவில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

"சரி, நாலாவது என்ன?"

"தெரியலை டீச்சர். யோசிச்சு யோசிச்சு மூளையே குழம்பிப்போச்சு."

டீச்சர் கதவைத் தள்ளிப் பார்த்தார். அது அசையவில்லை.

"என்ன இது, திறக்க மாட்டேங்குது?"

"உள்ளே தாள் போட்டிருக்கேன், டீச்சர்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது. கை இரும்புத் தாளின் மேல் இருந்தது.

வெளியே டீச்சர் சொன்னார்:

"சரியான விடை. இப்ப அதை எடுங்க."