அறுபதாம் கல்யாணம் கண்ட ஒயின்

நாகப்பட்டினம் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் மாசிலாமணி, சாரங்கன், இடும்பன் மூவருக்கும் சேர்த்து மூளை ஒன்றுதான். அதையும் அன்று யார் வீட்டில் வைத்துவிட்டு வந்தார்களோ தெரியவில்லை.

கடலில் விழுந்த தன் நாயைக் காப்பாற்றியதற்காகப் போர்ச்சுகல் கப்பல் தலைவர் மாசிலாமணிக்கு ஒரு புட்டி சிவப்பு ஒயின் கொடுத்தார். "இதற்கு அறுபது வயது. மரியாதையாகக் குடிக்க வேண்டும். எப்படி இருந்தது என்று சாயங்காலம் வந்து கேட்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். கப்பல்காரர்கள் குடிப்பதைப் பார்த்துப் பார்த்தே பாதி ஆயுளை ஓட்டியவன் மாசிலாமணி. ஒரு வாயாவது ருசி பார்த்துவிட வேண்டும் என்று அவனுக்கு அப்படி ஓர் ஆசை.

கிடங்குக்குள் வந்ததும் மூவரும் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு புட்டியின் முன் நின்றார்கள். வயதில் பெரியவர் அல்லவா?

"குடிச்சிடலாமா?" என்றான் மாசிலாமணி.

"அடப்பாவி! அறுபது ஆயிடுச்சுங்கறாரு. அறுபதாம் கல்யாணம் பண்ணாமலா குடிக்கிறது?" என்றான் சாரங்கன்.

"சம்சாரம் இல்லாம எப்படிடா கல்யாணம்?" என்றான் மாசிலாமணி.

இடும்பன் வெகுநேரம் யோசித்தான். "அந்தம்மா போர்ச்சுகல்ல இருப்பாங்க. நாம இவரு தலையில மட்டும் தண்ணி ஊத்துவோம். அந்தம்மாவுக்கு அங்க யாராவது ஊத்திக்கட்டும்."

மூவருக்கும் இது நியாயமாகப் பட்டது. புட்டிக்குச் சாமந்தி மாலை போட்டார்கள். தலைக்கு ஊற்றும்போது தொப்பி கூடாது என்று மூடியைப் பிடுங்கினார்கள். சாரங்கன் முதல் குடம் கிணற்றுத் தண்ணீரைச் சாய்த்தான். சிவப்புச் சிவப்பாக வழிந்தது.

"அறுபது வருஷ அழுக்குடா!" என்று வாயைப் பிளந்தான் இடும்பன். "பாவம், கப்பல்ல குளிக்க வசதி இல்ல போல."

மணம் மாசிலாமணியின் மூக்கைத் துளைத்தது. நாக்கில் எச்சில் ஊற, கையை நீட்டினான்.

"சீ! பெரியவரு குளிச்ச தண்ணியைக் குடிப்பியா?" என்று சாரங்கன் கையைத் தட்டிவிட்டான். மாசிலாமணிக்கே வெட்கமாகப் போய்விட்டது. அழுக்குப் போகும்வரை அவனும் சேர்ந்து குடம் குடமாக ஊற்றினான்.

சாயங்காலம் கப்பல் தலைவர் வந்தார். மாசிலாமணி புட்டியை விழுந்து கும்பிட்டு எழுந்து, ஒரு வாய் ஊற்றி, நாக்கில் உருட்டி, கண்ணை மூடி விழுங்கினான். நினைத்தது நடந்துவிட்ட சந்தோஷத்தில் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

பளிச்சென்று தெளிந்திருந்த புட்டியைப் பார்த்துத் தலைவருக்கு முகம் வெளிறியது. "எப்படி... இருக்கிறது?"

"என்னத்தைச் சொல்ல ஐயா! இவரு வந்து ஒரு நாள்கூட ஆகல, அதுக்குள்ள அப்படியே எங்க ஊர்க் கிணத்துத் தண்ணி ருசி வந்துடுச்சு. நீங்களும்தான் இத்தனை வருஷமா வர்றீங்க, உங்களுக்கு இன்னும் எங்க ஊரு சாம்பாரே ஒத்துக்கல!"