முன்வாசலில் கிடந்த செருப்புகள்

கிராமச் செவிலியர் எஸ்தர் சிஸ்டரிடம் சுகாதார வேலை பழகியவர்களில் செண்பகவடிவு மட்டும்தான் சிஸ்டரைவிட மூத்தவர், இரண்டு வயது. அதனால் கோபப்படும் உரிமையும் அவருக்குக் கொஞ்சம் கூடுதல்.

அன்று துணைச் சுகாதார நிலையத்துக்குள் வந்ததும் பையைத் தொப்பென்று போட்டார்.

"பதினாறு பேருக்குக் குடுத்தேன். பதினொண்ணு உருப்படாம திரும்பி வந்திருக்கு."

உப்பளத் தெருப் பெண்களுக்கு அவர் வீடு வீடாகக் கொடுத்தது கருப்பைவாய்ப் புற்றுநோய் சோதனைக்கான சிறு பொட்டலம். ஆஸ்பத்திரிக்கு வர வேண்டாம். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளே இருக்கும் பிரஷ்ஷால் தானே மாதிரி எடுத்து, ட்யூப்பில் போட்டு மூடிக் கொடுத்தால் போதும்.

"என்னாச்சு?"

"கழுவிட்டாளுக, சிஸ்டர்! எடுத்த பிரஷ்ஷ சோப்புப் போட்டுக் கழுவி, தொடச்சு, ட்யூப்ல வச்சுக் குடுத்திருக்காளுக."

சிஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செண்பகவடிவு சிரிக்கவில்லை.

"பக்கத்து வீட்டுல குழம்பு வாங்குன கிண்ணத்த நீங்க எப்படிக்கா திருப்பிக் குடுப்பீங்க?"

"கழுவித்தான்."

"இதக் கழுவக் கூடாதுன்னு சொன்னீங்களா?"

சொல்லவில்லை என்பது அப்போதுதான் அவருக்கே உறைத்தது.

"கழுவிக் குடுத்ததுக்கு முத்துக்கிளிய குழாயடியில வச்சுத் திட்டிட்டேன்," என்றார் குரல் இறங்கி. "எல்லாருக்கும் கேக்க. இப்ப கதவத் தொறக்க மாட்டேங்கா. நாப்பத்தாறு வயசுல இப்பதான் முதத் தடவையா சம்மதிச்சா. ஆஸ்பத்திரிப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்க மாட்டா. இனி எப்படி சோதனை பண்ணுவா?"

சிஸ்டர் ஜன்னல் வழியே எதிரே இருந்த பள்ளிக்கூடத்தைப் பார்த்தார்.

"நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல இந்தச் சோதனைக்கு முகாம் அங்கதான். ரெண்டு பெஞ்சச் சேர்த்துப் போட்டு, சுத்திச் சேலையக் கட்டிருப்போம். பொம்பளைங்க செருப்பக் கழட்டிட்டு வரிசையா உட்காருவாங்க. டாக்டர் வந்ததும் ஒவ்வொருத்தரா பின்வாசல் வழியா ஓடிருவாங்க. சாயங்காலம் பார்த்தா முன்வாசல்ல வெறும் செருப்புதான் கெடக்கும்."

செண்பகவடிவும் சிரித்துவிட்டார். "நானும் ஓடிருக்கேன், சிஸ்டர்."

"மொத முகாம்ல எனக்கும் கோவம்தான். செருப்பெல்லாம் அள்ளி மூலையில போட்டுட்டேன். வேணும்னா வந்து எடுத்துக்கட்டும்னு. எல்லாரும் வந்தாங்க. தங்கப்பழம்னு ஒருத்தி மட்டும் வரல. மூணு வருஷம் கழிச்சுத்தான் வந்தா. நோய் முத்திப்போயி, கட்டிலோட தூக்கிட்டு வந்தாங்க."

இருபத்தைந்து வருடமாகியும் அந்தப் பெயரைச் சொல்லும்போது சிஸ்டருக்கு வலித்தது.

"அதுக்குப் பெறகு, ஓடிப்போனவங்க செருப்ப நானே தூக்கிட்டு வீடு வீடா நடந்தேன்."

"எங்க வீட்டுக்கும் வந்தீங்க."

"நீல வாரு வச்ச செருப்பு."

அந்த நீல வாரை நினைத்ததும் செண்பகவடிவின் கண் கலங்கியது. புதுப் பொட்டலம் ஒன்றை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசல் வரை போய்த் திரும்பினார்.

"முத்துக்கிளிகிட்ட மொதல்ல என்ன சொல்லட்டும்? அன்னிக்கு எங்க வீட்டு வாசல்ல நீங்க என்ன சொன்னீங்கன்னு எவ்வளவு யோசிச்சாலும் ஞாபகம் வரல."

"ஒண்ணும் சொல்லலக்கா. குடிக்கத் தண்ணி கேட்டேன்."